போதையில் நிற்கிற கூட்டத்தில் சண்டையை யார் விலக்குவது? (காரைக்குடி பக்கத்துக் கல்லூரிப் பசங்க விஷயம்)

செக்காலைக்காரன்:
காரைக்குடியில் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறேன், விடுதிப் பொறுப்பும் என் தலையில்தான். எந்தக் கல்லூரி என்று தயவுசெய்து கேட்காதீர்கள். பசங்க குடிக்கிறார்களா என்பது என் கேள்வி இல்லை. குடிக்கிறார்கள், அது தெரிந்த கதை. ஒவ்வொரு தடவை அடிதடி ஆகும்போதும் மறுநாள் ஒரு வீடியோ வருகிறது. இரண்டு பேர் அடித்துக்கொள்வார்கள், சுற்றி ஒரு கூட்டமே நிற்கும், விலக்க ஒரு கைகூட நீளாது. விசாரிக்கக் கூப்பிட்டால் எல்லாரும் சொல்லிவைத்த மாதிரி ஒரே பதில், “நான் அப்பத்தான் சார் வந்தேன்.” இது குடியால் வருகிற மரத்தனமா, பயமா, இல்லை வேறு ஏதாவதா? பொங்கல் நெருங்குகிறது, சிராவயல் மஞ்சுவிரட்டுக்குப் போகிற கும்பல் ராத்திரி எந்தக் கோலத்தில் திரும்பும் என்று இப்போதே வயிற்றைக் கலக்குகிறது. அறிவுரை வேண்டாம். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரஸ்தா ராஜா:
இதில் ஆராய என்ன சார் இருக்கிறது. 2003 நவம்பரில் மதுவின் சில்லறை விற்பனையையும் அரசே கையில் எடுத்தது, அன்றைக்கு ஆரம்பித்த வினை. 21 வயசுக்குக் கீழே விற்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது, யார் வயசைக் கேட்கிறார்கள்? கடையை மூடுங்கள், சண்டையும் நிற்கும், வீடியோவும் நிற்கும்.

கண்மாய்க்கரை:
ராஜா அண்ணே, 21 ஆகாதவன் கடைக்கே போக மாட்டான். சீனியர் வாங்கி வருவான், அதைக் கண்மாய்க்கரையிலோ, வாடகைக்கு எடுத்த பழைய வீட்டு மாடியிலோ உட்கார்ந்து குடிப்போம். நான் கடைசி வருஷம், அதனால் ஒளிக்காமல் சொல்கிறேன். சார் கேட்ட கேள்விக்கு என் பதில் ரொம்பச் சின்னது. விலக்கினால் விலக்கினவனும் மாட்டுவான். வார்டன் வந்தால் முதலில் பார்ப்பது யார் அடித்தான் என்று இல்லை, யார் வாயில் வாடை வருகிறது என்றுதான். நான் ஒரு பீர் குடித்திருக்கிறேன், பக்கத்தில் ஒருத்தன் இன்னொருத்தன் மண்டையை உடைக்கப் போகிறான். நான் நடுவில் போனாலும், சத்தம் போட்டு ஆள் கூப்பிட்டாலும், விசாரணையில் என் பெயரும் ஏறும். அப்பாவுக்கு போன் போகும், விடுதியிலிருந்து பெட்டியைத் தூக்க வேண்டும். சுவர் ஏறிக் குதித்து ஓடினவனுக்கு ஒன்றும் ஆகாது. நீங்களே சொல்லுங்கள், எது புத்திசாலித்தனம்?

செக்காலைக்காரன்:
இது எனக்குச் சுருக்கென்று இருக்கிறது, ஆனால் அதுமட்டும்தான் காரணமா? குடிக்காத பையன்களும்தான் அந்தக் கூட்டத்தில் நிற்கிறார்கள். அவர்களும்தான் நகரவில்லை.

வேப்பமரத்தடி:
உளவியல் படித்தவன், இப்போது வேறு வேலையில் இருக்கிறேன், படித்தது இதற்காவது உதவட்டும்.

கூட்டம் ஏன் சும்மா நிற்கிறது என்கிற ஆராய்ச்சி 1964-ல் நியூயார்க்கில் நடந்த ஒரு கொலையிலிருந்து தொடங்கியது. கிட்டி ஜெனோவீஸ் என்ற பெண்ணைக் குத்தியதை 38 பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருவர்கூட அசையவில்லை என்று நியூயார்க் டைம்ஸ் எழுதியது. அந்த 38 என்பது ஊதிப் பெரிதாக்கியது என்று பிற்பாடு தெரிந்தது, அந்தப் பத்திரிகையே 2016-ல் ஒத்துக்கொண்டது. ஆனால் அந்தச் செய்தியால் தூண்டப்பட்டு லதானே, டார்லி என்ற இருவர் செய்த சோதனைகள் நிற்கின்றன. 1968-ல் ஒரு அறைக்குள் புகையை விட்டுப் பார்த்தார்கள். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்து போய்ச் சொன்னார்கள். பக்கத்தில் அசையாமல் உட்காரும்படி இரண்டு ஆட்களை ஏற்பாடு செய்துவைத்தபோது 10 சதவீதம் பேர்தான் சொன்னார்கள். புகை கண்ணைக் கரிக்கிறது, இருந்தும் பக்கத்தில் இருக்கிறவன் பேசாமல் இருக்கிறானே, அப்படியென்றால் பெரிய விஷயமாக இருக்காது என்று இவனும் உட்கார்ந்துவிட்டான். சார் வீடியோவில் நிற்கிற பசங்களும் இப்படித்தான் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கிறார்கள். இதயமில்லாதவர்கள் என்று முடிவு கட்ட வேண்டாம்.

அப்புறம் குடி. 1990-ல் ஸ்டீல், ஜோசப்ஸ் என்ற இருவர் ஒரு கருத்தை வைத்தார்கள். குடித்தவன் பார்வை குறுகிவிடுகிறது, எது சத்தமாக, எது கண் முன்னால் இருக்கிறதோ அது மட்டும்தான் உள்ளே போகும், பின்விளைவு, ஓரத்தில் நடப்பது எதுவும் போகாது. அதனால் குடித்த கூட்டத்தில் இரண்டு வகையிலும் கோளாறு. ஒருத்தன் கெட்ட வார்த்தை சொன்னால் அது பெரிதாகக் கேட்கும், உடனே பாய்வான். அதே நேரத்தில் ஓரமாக ஒருத்தன் மயங்கி விழுவதோ, ஒரு பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்துப் போவதோ கண்ணில் படாது. அமெரிக்கக் கல்லூரிகளில் ஆண் மாணவர்களைக் கேட்டு எழுதிய ஆய்வுகளிலும், அதிகமாகக் குடிக்கிறவர்களிடம் தலையிடும் எண்ணம் குறைவாக இருப்பதாக வந்திருக்கிறது.

ரஸ்தா ராஜா:
அப்போ நான் சொன்னதுதானே. குடிதான் காரணம்.

வேப்பமரத்தடி:
பாதி. மிச்சப் பாதிக்கு இதையும் கேளுங்கள். இங்கிலாந்து, நெதர்லாந்து, தென்னாப்பிரிக்கா மூன்று நாட்டு நகரங்களில் தெருச் சண்டைகளின் சிசிடிவி பதிவு 219-ஐ எடுத்துப் பார்த்தார்கள், 2019-ல் வெளியானது. பத்தில் ஒன்பது சண்டையில் யாரோ ஒருவராவது நடுவில் போயிருக்கிறார். கூட்டம் பெருகப் பெருக, யாராவது ஒருவர் போகும் வாய்ப்பும் பெருகியிருக்கிறது. சார் கைக்கு வருகிற வீடியோக்களை வைத்து மட்டும் எடை போடாதீர்கள். விலக்கிவிட்ட சண்டையை யார் படம் பிடித்து அனுப்பப் போகிறார்கள்?

மெஸ் அண்ணன்:
தம்பி சொன்னது நூத்துக்கு நூறு. என் மெஸ்ஸில் வாரத்துக்கு ஒரு உரசலாவது நடக்கும், ஒன்றுகூட வெளியே போனது கிடையாது. எனக்கு ஆராய்ச்சி தெரியாது, ஆள் தெரியும். இரண்டு பேர் முறைத்துக்கொண்டு எழுந்தால் சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. “டேய், வாசல்ல உன் வண்டிய யாரோ தள்ளிட்டுப் போறாங்க பாரு” என்பேன். அவன் வெளியே ஓடுவான். ஓடிப்போய் வண்டி அங்கேயே நிற்பதைப் பார்த்துவிட்டு வருவதற்குள் இங்கே மற்றவனுக்கு இலையில் சாதம் விழுந்திருக்கும். சாதம் விழுந்த பிறகு எவனும் எழுந்திருக்க மாட்டான், குழம்பு ஊற்றியாச்சு என்றால் சுத்தம். குடித்தவனிடம் நியாயம் பேசினால் மணிக்கணக்காகும், கவனத்தைத் திருப்பினால் ஒரு நிமிஷம்.

வேப்பமரத்தடி:
அண்ணே, அமெரிக்காவில் கென்டக்கி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஒரு பயிற்சியில் இதைத்தான் சொல்லித் தருகிறார்கள். நேராகப் போய் நிறுத்து, முடியாவிட்டால் கவனத்தைத் திருப்பு, அதுவும் முடியாவிட்டால் முடிகிற ஆளைக் கூப்பிடு. நீங்கள் இரண்டாவதில் பட்டம் வாங்கிவிட்டீர்கள்.

பள்ளத்தூர்ப் பெண்:
பையன்களுக்குள் அடிதடி பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நான் படித்து முடித்து இப்போது காரைக்குடியில் வேலையில் இருக்கிறேன். பஸ் ஸ்டாண்டில் ஒரு பையன் குடித்துவிட்டு ஒரு பெண்ணின் கையைப் பிடித்துத் திருகுகிறான், அவள் அழுகிறாள், பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் பார்க்கிறார்கள். ஒரு பெரியவர் எழுந்தார். பக்கத்தில் இருந்தவர் அவர் வேட்டியைப் பிடித்து உட்கார வைத்தார், “விடுங்கண்ணே, லவ்வர்ஸ் சமாச்சாரம், நாளைக்கு அதுங்க ஒண்ணு சேர்ந்துக்கும், நாம கெட்ட பேரு வாங்கணும்.” நானும் என் தோழியும் போய் அந்தப் பெண்ணிடம், “ஏய், நீ இன்னாரு தங்கச்சிதானே, அம்மா நல்லா இருக்காங்களா” என்று தெரிந்தவர்கள் மாதிரிப் பேச்சுக் கொடுத்தோம். அவன் கையை விட்டான். அவள் எங்களோடு பஸ் ஏறினாள். நாங்கள் அவனிடம் ஒரு சொல் பேசவில்லை. மெஸ் அண்ணன் சொன்னதைப் படித்ததும் அதுதான் ஞாபகம் வந்தது.

என் கேள்வி, அந்தப் பெரியவரை உட்கார வைத்தது குடி இல்லையே? அவர் குடிக்கவில்லை, பக்கத்துக்காரரும் குடிக்கவில்லை.

வேப்பமரத்தடி:
அக்கா, உங்கள் கேள்விக்கு நேராகவே ஒரு சோதனை இருக்கிறது. 1976-ல் ஷாட்லாண்ட், ஸ்ட்ரா என்ற இருவர், ஒரு ஆண் ஒரு பெண்ணைத் தாக்குவது போல நடிக்கவைத்தார்கள். அவள் “நீ யார்னே எனக்குத் தெரியாது” என்று கத்தியபோது பார்த்தவர்களில் 65 சதவீதம் பேர் தலையிட்டார்கள். “உன்னை ஏன்தான் கல்யாணம் பண்ணிக்கிட்டேனோ” என்று கத்தியபோது 19 சதவீதம்தான். அடி ஒரே அடி. அதனால்தான் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள், இப்படி மாட்டினால் “இவன் யாரு, எனக்குத் தெரியாது” என்று உரக்கக் கத்து என்று.

கண்மாய்க்கரை:
இதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும், யாரும் எழுதவில்லை, நான் எழுதுகிறேன். நம்ம பக்கம் சண்டை என்றதும் முதல் கேள்வி “யாரு, எந்த ஊரு ஆளுக?” என்பதுதான். எந்த ஊர் என்றால் ஊர் மட்டுமா, அதற்குள் எல்லாம் அடக்கம், உங்களுக்கே தெரியும். நம்ம ஆள் என்றால் விலக்கப் போகமாட்டான், சேர்ந்து அடிக்கப் போவான். நம்ம ஆள் இல்லை என்றால் தொடவே மாட்டான், ஏனென்றால் தொட்டால் நாளைக்கு அது இரண்டு ஊர்ப் பிரச்சினை ஆகிவிடும். விலக்குவதற்கு என்று ஒரு ஆள் நடுவில் இல்லவே இல்லை. குடித்த பிறகு இது இன்னும் முற்றும்.

வேப்பமரத்தடி:
இங்கிலாந்தில் கால்பந்து ரசிகர்களை வைத்து 2005-ல் வந்த ஆய்வு ஒன்று. ஒருத்தன் தடுக்கி விழுந்து காலைப் பிடித்துக்கொள்கிறான். தங்கள் அணிச் சட்டை போட்டிருந்தால் ஓடிவந்து தூக்கினார்கள், எதிரணிச் சட்டை என்றால் பெரும்பாலும் தாண்டிப் போனார்கள். ஆனால் அதற்கு முன்னால் “நாம் எல்லாரும் கால்பந்து ரசிகர்கள்” என்று பேசவைத்துவிட்டு அனுப்பியபோது எதிரணிச் சட்டைக்காரனையும் தூக்கினார்கள். எந்த அணிச் சட்டையும் போடாதவன்தான் அப்போதும் கிடந்தான். அதாவது “நம்ம ஆள்” என்பதன் எல்லையை நகர்த்த முடிகிறது. ஒரே டிபார்ட்மெண்ட், ஒரே விடுதி என்கிற உணர்வு இருந்தால் ஊர்க் கேள்வி கொஞ்சம் பின்னால் போகும். முழுக்கப் போய்விடும் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஓய்வுபெற்ற ஏட்டு:
இளைஞர்கள் நன்றாகப் பேசுகிறீர்கள். இந்த வட்டாரத்தில்தான் பாதி சர்வீஸ், இரண்டு மூன்று விஷயம் சொல்லிவிட்டுப் போகிறேன்.

விலக்கத் தெரியாமல் விலக்குவதுதான் பாதிக் கேஸில் ரத்தத்துக்குக் காரணம். நண்பனைப் பின்னாலிருந்து இரண்டு கையையும் சேர்த்துக் கட்டிப் பிடிப்பான், எதிராளி சும்மா இருப்பானா, கட்டிப்போட்ட ஆளை அடிக்கிற மாதிரி இலவசமாக நாலு போடுவான். பிடித்தால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பிடிக்க வேண்டும், பிடித்ததும் ஒருத்தர் கண்ணில் ஒருத்தர் படாத தூரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பாட்டில், கத்தி, கட்டை எது கையில் இருந்தாலும் கிட்டே போகக் கூடாது. தள்ளி நின்று கத்து, அவசர உதவி எண் 112-க்குப் போன் அடி. கூட்டத்தில் “யாராச்சும் போன் பண்ணுங்கப்பா” என்றால் எவனும் பண்ண மாட்டான். “நீல சட்டை, நீ போன் பண்ணு” என்று ஆளைக் காட்டிச் சொன்னால் பண்ணுவான்.

போலீஸும் யோக்கியம் இல்லை என்று யாராவது எழுதுவீர்கள், அதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். 2008 நவம்பரில் சென்னைச் சட்டக் கல்லூரி வாசலில் மாணவர்கள் மாணவர்களை அடித்ததை டிவியில் ஊரே பார்த்தது, காக்கிச் சட்டை பார்த்துக்கொண்டு நின்றதையும் பார்த்தது. சும்மா நிற்கிற வியாதிக்கு யூனிஃபார்ம் கிடையாது.

சட்டம் என்று பார்த்தால், நமக்கு மட்டுமில்லை, அடுத்தவர் உடம்புக்கு ஆபத்து என்றாலும் தடுக்க உரிமை உண்டு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 97-வது பிரிவு, 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 35. தேவைக்கு மேல் அடிக்கக் கூடாது, அவ்வளவுதான். விலக்கப் போனவன் கீழே விழுந்தவனை மிதித்துவிட்டு “தற்காப்பு” என்றால் செல்லாது.

ரஸ்தா ராஜா:
ஐயா, உதவி செய்கிறவரை போலீஸ் தொந்தரவு பண்ணக் கூடாது, பெயர்கூடக் கேட்கக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டதே?

ஓய்வுபெற்ற ஏட்டு:
அது சாலை விபத்துக்கு, தம்பி. 2016-ல் உச்ச நீதிமன்றம் வழிகாட்டுதல்களை உறுதி செய்தது, 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்று பிரிவே சேர்த்தார்கள். அடிபட்டுக் கிடப்பவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு விவரம் கொடுக்காமல் போகலாம். அடிதடிக் கேஸுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ரொம்பப் பேர் இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள்.

கண்மாய்க்கரை:
அதைத்தான் நான் முதலிலேயே சொன்னேன். விழுந்து கிடப்பவனைத் தூக்கினால் சட்டம் காப்பாற்றும். விழாமல் தடுத்தால் காப்பாற்றாது. விடுதியில் இன்னும் மோசம். மட்டையாகி வாந்தி எடுத்துக் கிடக்கிறவனைக்கூட ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் பயந்து, ரூமுக்குள் போட்டுப் பூட்டுகிறார்கள். தூங்கினால் தெளிந்துவிடும் என்பார்கள்.

மெஸ் அண்ணன்:
பூட்டாதீங்கப்பா சாமி. மல்லாக்கப் படுக்கவைத்தால் வாந்தி மூச்சுக்குழாயில் போய் ஆளே போய்விடுவான்.

வேப்பமரத்தடி:
அண்ணன் சொல்வது சரி. ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஒருத்தர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். எழுப்பினால் எழவில்லை, மூச்சு விட்டு விட்டு வருகிறது, உடம்பு சில்லிட்டிருக்கிறது என்றால் 108, யோசிக்கவே கூடாது. மோரும் எலுமிச்சையும் ஊற்றித் தெளியவைக்கிறேன் என்று வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி, 42.8 சதவீதம் என்று லேபிளிலேயே இருக்கும். கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 60 கிராம் சுத்த ஆல்கஹால். கல்லீரல் ஒரு மணி நேரத்துக்கு ஏழு எட்டு கிராம் அளவுக்குத்தான் கரைக்கும். ராத்திரி பத்து மணிக்கு மடமடவென்று இறக்கினவன் விடிகாலையிலும் போதையில்தான் இருப்பான், தூங்கினால் வேகமாகத் தெளியாது.

கண்மாய்க்கரை கேட்கிற விஷயத்துக்கு முன்மாதிரி இருக்கிறது சார். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகம் 2002-ல் ஒரு விதி கொண்டுவந்தது. போதையில் ஆபத்தான நிலையில் இருக்கிறவனுக்காக உதவி கேட்டுக் கூப்பிட்டால், கூப்பிட்டவன் மீதும், கிடக்கிறவன் மீதும் குடித்ததற்காக ஒழுங்கு நடவடிக்கை இல்லை. அதற்குப் பிறகு உதவி கேட்டு வரும் அழைப்புகள் கூடின. இப்போது அந்த நாட்டில் நிறைய கல்லூரிகளில் இருக்கிறது.

செக்காலைக்காரன்:
படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் என் நிலைமையில் யோசியுங்கள். 19 வயசுப் பையன், சட்டப்படி அவனுக்கு விற்கவே கூடாது. “குடித்திருந்தாலும் பரவாயில்லை, நீ கூப்பிட்டாயே, போ” என்று நான் விட்டால் நாளைக்கு அவன் அப்பா வந்து, “நீங்கதான் சார் குடிக்க விட்டீங்க” என்று கேட்பார். நிர்வாகம் என்னைக் கேட்கும். எழுத்தில் அப்படி ஒரு விதியைப் போட எந்த நிர்வாகமும் கையெழுத்துப் போடாது.

ரஸ்தா ராஜா:
போடவே கூடாது. நாளைக்கு ஒவ்வொருத்தனும் குடித்துவிட்டு “நான் விலக்கத்தான் சார் போனேன்” என்பான்.

பள்ளத்தூர்ப் பெண்:
சொல்லட்டுமே. இப்போது எல்லாரும் “நான் அப்பத்தான் சார் வந்தேன்” என்கிறார்கள், அதைவிட இது என்ன மோசம்? பொய்யாவது விலக்கும் பக்கம் சாயட்டும்.

சார், ராகிங்குக்கு என்ன செய்தீர்கள்? 1996-ல் ஒரு மாணவரைக் கொன்ற பிறகு 1997-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது, 2009-ல் யுஜிசி விதி வந்தது. அதில் பெயர் சொல்லாமலே புகார் கொடுக்க வழி வைத்தார்கள். பார்த்தவன் பயப்படாமல் சொல்ல வேண்டும் என்றுதானே அப்படி வைத்தார்கள்? அடிதடிக்கும், பெண்ணை இழுப்பதற்கும் மட்டும் ஏன் சொன்னவனே முதல் குற்றவாளி ஆகிறான்?

ஓய்வுபெற்ற ஏட்டு:
தங்கச்சி கேட்பதில் ஞாயம் இருக்கிறது. ஸ்டேஷனில் நாங்கள் எழுதாமல் ஒன்று செய்வோம். தகவல் சொன்னவன் லேசாகத் தண்ணி போட்டிருந்தாலும் அவனைத் தனியாகக் கேஸில் இழுக்க மாட்டோம், இழுத்தால் அடுத்த தகவல் வராது. இன்ஸ்பெக்டரிடம் எவரும் எழுதி வாங்கியது கிடையாது, ஆனால் அப்படித்தான் ஓடியது.

கண்மாய்க்கரை:
எழுதாத விதியை நம்பி எந்தப் பையனும் வர மாட்டான் ஐயா. இந்த வருஷம் இருக்கிற வார்டன் நல்லவர், அடுத்த வருஷம் வருகிறவர்?

எழுத்தில் வராது என்றால் குறைந்தது இதையாவது செய்யுங்கள் சார். விசாரணையை இரண்டாகப் பிரியுங்கள். அடித்தது ஒரு கேஸ், குடித்தது ஒரு கேஸ். முதல் கேஸில் சாட்சி சொன்னவனை அந்த வாரம் இரண்டாவதில் சேர்க்காதீர்கள். அவன் குடிக்கிறவன் என்று தெரிந்தால் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. எல்லாரையும் ஒரே வரிசையில் நிறுத்தி வாயை ஊதச் சொன்னால், கடைசி வரைக்கும் எல்லாரும் அப்பத்தான் வந்தவர்களாக இருப்பார்கள்.

செக்காலைக்காரன்:
இதைச் செய்யலாம். இதற்கு யார் கையெழுத்தும் வேண்டாம், விசாரிக்கிறவன் நான்தானே. சிராவயலுக்குப் போகிற கும்பலில் குடிக்காத இரண்டு பேரை முன்கூட்டியே பெயர் குறித்து, என் நம்பரைக் கொடுத்து அனுப்பலாம் என்றும் நினைக்கிறேன். எந்த நேரத்திலும் கூப்பிடலாம், யார் குடித்தான் என்று அன்றைக்குக் கேட்க மாட்டேன்.

கண்மாய்க்கரை:
இரண்டு பேரும் ஒரே ஊர்க்காரர்களாக இருக்கக் கூடாது சார். முக்கியம்.

மெஸ் அண்ணன்:
அன்றைக்கு ராத்திரி மெஸ்ஸைக் கொஞ்சம் லேட்டாக அடைக்கிறேன். சாப்பிடாமல் திரும்புகிறவன்தான் வம்புக்கு நிற்பான்.

பள்ளத்தூர்ப் பெண்:
ஏட்டையா, ஒரு சந்தேகம் மட்டும். அன்றைக்குப் பஸ் ஸ்டாண்டில் நடந்த மாதிரி இன்னொரு தடவை ஆகி, நான் 112-க்குக் கூப்பிட்டு, சாட்சி சொல்லவும் ஒத்துக்கொண்டால், ஸ்டேஷனுக்கு அலையவிடுவார்களா? வீட்டில் அதற்குத்தான் பயப்படுகிறார்கள்.

ஓய்வுபெற்ற ஏட்டு:
பெண்ணைச் சாட்சி விசாரணைக்கு ஸ்டேஷனுக்கு வரச்சொல்ல முடியாது. நீங்கள் குடியிருக்கிற இடத்துக்கு அவர்கள்தான் வர வேண்டும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 160, இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 179. யாராவது “ஸ்டேஷனுக்கு வாம்மா” என்று போனில் சொன்னால் அந்தப் பிரிவு எண்ணைச் சொல்லுங்கள். கோர்ட்டுக்கு மட்டும் சம்மன் வந்தால் போகத்தான் வேண்டும், அதற்கு வீட்டாரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.